சாமிப் பாட்டு என்று நினைத்துக் காப்பாற்றிய கேசட்

"இந்த கோதிக் ராக், இருட்டு மாதிரி இங்கிலீஷ் பாட்டெல்லாம் நீ எப்படிடா கேக்க ஆரம்பிச்ச?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மற்றவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் இருந்திருப்பான், கிட்டார் வைத்திருக்கும் காலேஜ் சீனியர் இருந்திருப்பான். எனக்கு இருந்தது என் பாட்டியின் பயபக்தி. அதுவும் எங்கள் சாமி மேல்கூட இல்லை, பக்கத்துத் தெரு சர்ச் மேல்.

பெங்களூர் ஸ்ரீராமபுரம், 1998. நான் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. சித்தப்பா பகலில் ஒரு லேத் பட்டறையில் வேலை, ராத்திரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. எங்கள் ஊரில் விநாயகர் சதுர்த்தி ஒரு நாளில் முடிகிற விஷயம் கிடையாது, தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு ஒரு மாசத்துக்கு மேல் இழுப்பார்கள், ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். முதல் பாட்டு கன்னட நடிகர் ராஜ்குமாருடையது, அப்புறம்தான் இளையராஜா, இது எழுதாத சட்டம். குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் சம்பளத் தகராறில் வேறு குழுவுக்குப் போய்விட்டதால் சித்தப்பா ஒரு ரிதம் பாக்ஸ், அதாவது தானே தாளம் வாசிக்கிற மெஷின், வாங்கிவந்தார். செகண்ட் ஹேண்ட். மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் எந்தக் கம்பெனி என்றே தெரியாது. அதில் பட்டனை அமுக்கி டெம்போவைச் சரிசெய்வது என் வேலை, மேடைக்கு ஐம்பது ரூபாய். கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கட்டாயம் கத்துவார்: "யோவ், டிரம்ஸ் எங்கய்யா? மெஷினை வச்சு ஏமாத்துறீங்களா?" அந்த அவமானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பின்னால் அது வேறு கணக்கில் வரும்.

ஒத்திகையைப் பதிவுசெய்ய நிறைய கேசட் தேவைப்படும். புது பிளாங்க் கேசட் வாங்கக் காசு ஏது? சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை கூடும், அங்கே குவியலாகக் கிடக்கும் இங்கிலீஷ் கேசட்டுகளில் பத்து, பதினைந்து அள்ளிவருவார் சித்தப்பா. கேசட் பழகிய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், கம்பெனிப் பாட்டுக் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரமும் சின்ன ஓட்டையாக இருக்கும், அப்படி இருந்தால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. செல்லோடேப்பைச் சின்னதாக வெட்டி அந்த ஓட்டைமேல் ஒட்டிவிட்டால் போதும், எவனுடைய பாட்டுமேலும் நம் பாட்டைப் பதியலாம். அன்றைக்கு நான் அப்படி ஒட்டிக்கொண்டே ஒவ்வொன்றின் பேரையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், பாட்டி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி."

பாட்டி நிமிர்ந்தார். "சிஸ்டருங்க பாட்டா? அதை வையி தனியா. நீ பொறந்ததே சிஸ்டருங்க ஆஸ்பத்திரிலதான். சாமிப் பாட்டை அழிச்சா வீடு வெளங்குமா?"

எனக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பேரில் அயர்லாந்தில் 1831 இல் தொடங்கிய ஒரு கன்னியாஸ்திரீகள் சபை நிஜமாகவே இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரியும், ஆனால் தெரியாமலே பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் பேர் 'ஃப்ளட்லேண்ட்'. சரி, நோவா காலத்து வெள்ளமாக இருக்கும். கம்பெனி பேர் 'மெர்சிஃபுல் ரிலீஸ்'. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கேசட் அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. உறைக்குள் இருக்கிற அட்டை கிடையாது, படம் கிடையாது, கேசட் உடம்பில் அச்சடித்த எழுத்து மட்டும்தான்.

பத்து நாள் கழித்து கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கியபின் அதைப் போட்டேன். இரண்டாம் பக்கம்தான் மேலே இருந்தது. ஒரு பெரிய பாடகர் கூட்டம் எழும்பிப் பாடுகிறது, கோயர்தான், சந்தேகமே இல்லை, சர்ச்சேதான். கூட்டப் பாட்டு முடிந்து அடி விழுந்தது. என்ன அடி! அதற்கு மேல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஆண் குரல். எங்கள் வீடு ஒரே அறை, சத்தம் வைக்க முடியாது, அதனால் டூ-இன்-ஒன்னின் மரப்பலகையில் காதை ஒட்டவைத்துத்தான் கேட்டேன், பல்வரைக்கும் அதிர்ந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. எந்த சிஸ்டரும் இதைப் பாடியிருக்க மாட்டார்கள் என்று மூன்றாவது நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது, ஆனால் பாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழிக்கச் சொல்லிவிடுவார்.

பாட்டி சும்மா இருப்பாரா? கிறிஸ்துமஸ் வந்ததும் எதிர்வீட்டு டீச்சரக்காவிடம் "உங்க சாமிப் பாட்டு, கேட்டுட்டு நிதானமா குடும்மா" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் அக்கா கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார், கூடவே ஒரு தட்டு கேக். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையிலிருந்து இன்றுவரை நான் முழுசாக மீளவில்லை.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எப்போதும் இதுதான்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். நம் சினிமாப் பாட்டில் ராகத்தைக் குரலும் வயலினும் தூக்கிக்கொண்டு போகும், இங்கே பாதி நேரம் அதைக் கட்டை ஒலி கொடுக்கிற பேஸ் கிட்டார்தான் தூக்குகிறது, கிட்டார் மேலே பனி மாதிரி மிதந்துகொண்டிருக்கும். அதே கேசட்டில் இருக்கிற 'லூக்ரீஷியா மை ரிஃப்ளெக்‌ஷன்' என்ற பாட்டைப் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள், கொசு பறக்கிற சத்தமும் ஒருத்தர் முணுமுணுக்கிறதும்தான் கேட்கும். முன்னூறு ரூபாய் வயர் இயர்போன் போதும், காதுக்குள் நன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது தற்செயலாக அமைந்தது, பலகையில் காதை வைக்க வேண்டிய ஏழ்மை இருந்ததால் முதலில் கேட்டதே பேஸ்தான்.

அந்த 'லூக்ரீஷியா' முதல் பக்கத்தில் இருக்கிறது, அதில்தான் எனக்கு ஒரு விபத்து. நான் ஒட்டிய செல்லோடேப்பைப் பிரிக்க மறந்துவிட்டேன். ஒரு ஒத்திகையின்போது குழுவில் யாரோ கை வாட்டத்துக்குக் கிடைத்த கேசட் என்று அதைப் போட்டு ரெக்கார்டை அமுக்கிவிட்டார்கள், நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் இரண்டு நிமிஷம் போச்சு. அதனால் என் கேசட்டில் பேஸ் தனியாக ஆரம்பித்து, அடி சேர்ந்து, குரல் வருகிற நேரத்துக்கு "செக்... செக்... ஒன் டூ... டேய் அந்த எக்கோவைக் குறை" என்று சித்தப்பா வருவார், அப்புறம் ஒரு இளையராஜா பாட்டின் பல்லவி, அப்புறம் மறுபடியும் பாட்டின் வால். ஐந்து வருஷம் அப்படியேதான் கேட்டேன். முழுப் பாட்டை முதல்முறை கேட்டபோது சித்தப்பா வரவேண்டிய இடத்தில் வேறு ஒருத்தர் பாடியது எனக்கு ஏதோ தப்பாகத்தான் பட்டது.

முழுசாகக் கேட்டது 2003 வாக்கில், மல்லேஸ்வரம் போகிற வழியில் இருந்த ஒரு சைபர் கஃபேயில். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து ஒரு பாட்டு இறங்குவதற்குள் கால் மரத்துவிடும். அந்தக் காலத்தில் இப்படிப் பகிரப்பட்ட பாட்டுகளில் பாதிக்குப் பேர் தப்பு, குரல் கட்டையாக இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் ஒரே பேண்ட் பேரை ஒட்டிவிடுவார்கள். 'தி மிஷன்' என்கிற பேண்டின் பாட்டு ஒன்றை ஒரு வருஷம் சிஸ்டர்ஸ் என்று நினைத்தே கேட்டேன். அது முழுத் தப்பும் இல்லை, சிஸ்டர்ஸிலிருந்து பிரிந்துபோன வேய்ன் ஹஸ்ஸியும் கிரெய்க் ஆடம்ஸும் ஆரம்பித்ததுதான் மிஷன், பங்காளிச் சண்டை. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு பேர் முன்னால் பேசினால் அசிங்கமாகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது.

அதே கஃபேயில்தான் அந்தப் பேரைப் படித்தேன். டாக்டர் அவலாஞ்ச். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம், 1980 இல் ஆரம்பித்த பேண்ட், பாடுகிறவர் ஆண்ட்ரூ எல்ட்ரிட்ச். முதல் சிங்கிளில் அவரேதான் டிரம்ஸும், அது சரிப்பட்டு வரவில்லை, ஒரு டிரம் மெஷினை வாங்கி அதற்கு டாக்டர் என்று பட்டம் கொடுத்துப் பேரும் வைத்து பேண்ட் உறுப்பினராகவே போட்டுவிட்டார்கள். மெஷின் பழசானால் புது மாடல் வரும், டாக்டர் மட்டும் அதே டாக்டர். ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், எல்ட்ரிட்சும் டாக்டரும்தான் ஆரம்பத்திலிருந்து மிச்சம். படித்துவிட்டு நான் அந்தப் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், கஃபேக்காரர் எட்டிப் பார்த்தார், வேறு ஏதோ பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். மெஷினை வச்சு ஏமாத்துறீங்களா என்று எங்களைக் கேட்ட அத்தனை பேருக்கும் பதில் லீட்ஸில் இருந்திருக்கிறது. அந்தப் பாட்டின் அடி ஏன் முதல் ராத்திரியே எனக்குப் பழகிய மாதிரி இருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மனுஷன் வாசித்தால் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இது இறங்கவே இறங்காது, அதுதான் அந்த இசைக்கு ஒரு பயத்தைக் கொடுக்கிறது.

இதே மாதிரி மற்றவர்களுக்கும் ஒரு கோணல் வழி இருந்திருக்கிறது என்பது ஒவ்வொருவராகச் சந்தித்தபோது தெரிந்தது. 2007 மார்ச் 17, அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்கிற மெட்டல் பேண்டின் கச்சேரி. பெங்களூரில் கறுப்பு டி-ஷர்ட் வைத்திருந்தவன் எல்லாம் அன்று அங்கேதான் இருந்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் கோடுகளால் வரைந்த ஒரு பக்கவாட்டு முகம் போட்ட டி-ஷர்ட்டில் நின்றாள், அது பௌஹவுஸ் பேண்டின் சின்னம். பார்த்ததும் பேசினோம், தமிழ், அல்சூர்க்காரி. அவள் கதை என்னுடையதைவிட மோசம். ஆர்க்கிடெக்சர் படித்தவள், ஜெர்மனியில் 1919 இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியைப் பற்றி செமினார் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காகத் தேடித் தரவிறக்கியதில் ஒரு ஒன்பது நிமிஷப் பாட்டு வந்து விழுந்திருக்கிறது. ஏதோ விரிவுரை என்று நினைத்துத் திறந்திருக்கிறாள். 'பேலா லுகோசீஸ் டெட்', 1979 இல் வந்தது, கோதிக் ராக் என்றாலே எல்லோரும் முதலில் காட்டுகிற பாட்டு. கடா கடா என்று தாளம், எதிரொலி, பாடுகிற ஆள் வாய் திறக்கவே ஏகப்பட்ட நேரம் எடுத்துக்கொள்கிறார். அந்த முகச் சின்னம்கூட அந்தப் பள்ளிக்காக ஆஸ்கர் ஷ்லெம்மர் 1922 இல் வரைந்ததுதான், பேண்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். செமினாரில் அந்த முகத்தைக் காட்டி நல்ல மார்க் வாங்கியதாகவும், பாட்டைப் போட்டுக்காட்டித் திட்டு வாங்கியதாகவும் சொன்னாள்.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை இன்றும் உபயோகப்படுகிறது. ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால் அடுத்து எதைக் கேட்பது என்று ஆப்பிடம் கேட்காதே, அதன் தயாரிப்பாளர் யார் என்று பார் என்பாள். சிஸ்டர்ஸின் முதல் ஆல்பம் 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் அண்ட் ஆல்வேஸ்', 1985, தயாரித்தவர் டேவ் ஆலன். அதே ஆள்தான் ராபர்ட் ஸ்மித்தோடு சேர்ந்து தி க்யூர் என்கிற பேண்டின் 'டிஸ்இண்டிகிரேஷன்' ஆல்பத்தை 1989 இல் செய்தவர். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் நான் க்யூருக்குப் போனேன், அதுவரை அவர்கள் உதட்டுச்சாயம் பூசின காதல் பாட்டுக்காரர்கள் என்று ஒதுக்கிவைத்திருந்தேன், முட்டாள்தனம். என் கேசட்டில் அந்தக் கோயரோடு ஆரம்பித்த பாட்டு 'திஸ் கொரோஷன்', அதைத் தயாரித்தவர் ஜிம் ஸ்டைன்மேன், மீட் லோஃப் என்கிற ராக் பாடகருக்குப் பெரிய பெரிய பாட்டாக எழுதியவர். பாடியது நியூயார்க் கோரல் சொசைட்டி. இதெல்லாம் கேசட் உறைக்குள் இருக்கிற அட்டையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிற விஷயம். எனக்கு அட்டை இல்லாததால் ஐந்து வருஷம் போச்சு.

உடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சட்டை என்றால் அம்மாவுக்கு ஆகாது, "நல்ல நாளும் அதுவுமா ஏண்டா கறுப்பு" என்பார். இதற்குக் கார்த்திகை மாசம்தான் வழி. சபரிமலை சீசனில் சிக்பேட்டைக் கடைகளில் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை எல்லாம் மலைமலையாகக் குவியும், நல்ல காட்டன், விலையும் சகாயம். இரண்டு சட்டை எடுத்துப் பட்டனை மாற்றி இடுப்பில் பிடித்துத் தைத்தால் லண்டன் தோற்றுப்போகும். சிக்கல் என்னவென்றால் அந்தச் சட்டையில் டிசம்பரில் பஸ் ஏறினால் "வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்று எழுந்து இடம் விடுவார்கள். ஒருமுறை அதே சட்டையோடு பிரிகேட் ரோடு பக்கம் ஒரு பப்புக்குப் போனபோது வாசலில் நின்ற செக்யூரிட்டி தமிழர், என்னை மேலும் கீழும் பார்த்து, "சாமி, வேண்டாம் சாமி" என்றார் வருத்தத்தோடு. திரும்பிவிட்டேன். கையால் சாயம் போட்ட கறுப்பை மட்டும் முதல் மூன்று துவைப்புவரை தனியாகத் துவையுங்கள், உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தும் என் விஷயத்தில் அப்பாவின் வேட்டி சாம்பல் நிறமானதைத் தடுக்க முடியவில்லை.

அம்மாவுக்கும் ஒரு பாட்டு பிடிக்கும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'டெம்பிள் ஆஃப் லவ்' என்று 1983 இல் வந்த பாட்டை 1992 இல் மறுபடி பதிந்தார்கள், அதில் ஓஃப்ரா ஹாசா என்ற யேமன் வம்சாவளிப் பாடகியின் குரல் சேர்ந்தது. தேடினால் இரண்டும் வரும், முதலில் 1992 ஐக் கேளுங்கள். அந்தக் குரல் மேலே எழும்பும்போது அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்று கேட்பார், "இந்தப் பொண்ணு மட்டும் பாடியிருக்கலாம்ல, அந்த ஆள் எதுக்குக் குறுக்க குறுக்கக் கனைக்கிறான்?"

இப்போது அக்கா மகளுக்குப் பதினைந்து வயசு. ஒரு வெப்சீரிஸில் கறுப்பு உடைப் பெண் ஆடுகிற நடனத்தைப் பார்த்து, அதை ஆடிய நடிகை, சூக்ஸி சூ என்கிற பாடகியின் அசைவுகளைப் பார்த்துத்தான் அமைத்தேன் என்று சொன்னதைப் படித்து, அங்கிருந்து அந்தப் பாடகியின் பேண்டான சூக்ஸி அண்ட் தி பன்ஷீஸின் 'ஜூஜூ' ஆல்பத்துக்கு ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஐந்து வருஷம், அவளுக்கு ஐந்து மணி நேரம். பொறாமைதான், ஆனால் அவள் எந்த ஆல்பத்தையும் முழுசாகக் கேட்பதில்லை என்பதில் எனக்குச் சண்டை உண்டு. கேசட்டில் தாண்டிப் போவது தொல்லை, அதனால் பிடிக்காத பாட்டும் நாலாவது தடவை பிடித்துவிடும். தானாக அடுத்த பாட்டுக்குத் தாவுகிற வசதியை நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஒரே ஆல்பம் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். சிஸ்டர்ஸ் இதற்குத் தோதான பேண்ட், மொத்தமே மூன்று ஸ்டூடியோ ஆல்பம்தான், 1990 இல் வந்த 'விஷன் திங்'கோடு சரி, அதற்கப்புறம் ரெக்கார்ட் கம்பெனியோடு தகராறு, மேடையில் புகைக்கு நடுவில் பாடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்ட்ரிட்சைக் கோத், அதாவது கோதிக் ஆள், என்று சொன்னால் அவருக்குக் கோபம் வேறு வரும், நாம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.

போன தீபாவளிக்குச் சித்தப்பா வந்திருந்தார். ஆர்கெஸ்ட்ராவை விட்டுப் பல வருஷம் ஆச்சு, காதும் கொஞ்சம் மந்தம். அந்தக் கேசட்டை எடுத்துக் காட்டினேன். ஓடவில்லை. உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்து, செம்புத் தகடு மட்டும் நின்றது. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேறொரு கேசட்டிலிருந்து பஞ்சோடு தகட்டையே நகத்தால் நெம்பி எடுத்து இதில் செருகினார், லேத் கை, ஒரு நடுக்கம் இல்லை. ஓடியது. டாக்டர் அவலாஞ்ச் கதையைச் சொன்னேன். "மெஷினுக்கு டாக்டர் பட்டமா?" என்று சிரித்தார். அப்புறம் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டார். "ரோலே அடிக்காம ஓட்டுறான் பாரு. நம்ம பந்தல்ல இப்படி வாசிச்சிருந்தா கல்லால அடிச்சிருப்பாங்க."

பேஸ் வந்தது, அடி சேர்ந்தது, நாடா ஒருமுறை தடுமாறி, "செக்... செக்... ஒன் டூ..." என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அவர் குரல். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி ஸ்டாப்பை அமுக்கினார்.

"நான் கெடக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துதே, அதை மறுபடி போடு."